எட்டில் ஒரு பங்கு நிலா

நுழையும்முன்

உணவு வயிற்றை மட்டும் நிறைப்பதில்லை. ஒரு நிலத்தின் பருவத்தையும் உழைப்பையும் உறவையும் சுமந்து வருகிறது. வயல்கள் ஆலைகளாக மாறிய நிலப்பரப்பில், பல நாட்டுப் பண்டங்களும் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன. அவற்றை அஞ்சி ஒதுக்குவதா, ஆசை தீர உண்பதா? இரண்டுக்கும் இடையில் ஓர் அளவைத் தேடிய ஒருவரின் வாழ்வனுபவம் இங்குக் கட்டுரையாகிறது.

நாள்காட்டியில் இருந்த இனிப்பு

என் இளமையில் எங்கள் ஊரில் இனிப்புக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. தீபாவளிக்கு அதிரசமும் சோமாசும், கார்த்திகைக்குப் பொரியுருண்டை, தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், விருந்தினர் வந்தால் சுழியம். இவை தவிர, திருப்பெரும்புதூர்ப் பெருமாள் கோவிலுக்குச் சென்றால் தொன்னையில் ஒரு பிடி பொங்கல் கிடைக்கும். அவ்வளவே. அதிரசத்துக்கு மாவு இடித்துப் பாகு காய்ச்சி, அதை இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்ட பின்னரே அம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவார். அந்தக் காத்திருப்பே அதிரசத்தின் பாதிச் சுவை என்பதை அப்போது நான் அறியவில்லை.

அளவாக உண்ண வேண்டும் என்று எங்களுக்கு எவரும் அறிவுரை கூறியதில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வறுமை ஒரு பக்கமும் நாள்காட்டி ஒரு பக்கமும் நின்று அந்த அளவைக் காத்துவந்தன. அப்பா விடியற்காலையில் ஏரிப்பாசன வயலுக்குச் சென்றால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அவர் உண்ட நான்கு அதிரசமும் மறுநாள் வரப்பு வெட்டுவதில் கரைந்துபோகும்.

காஞ்சியைச் சூழ்ந்த இந்நிலத்துக்கு இனிப்புப் பண்டம் புதியதன்று. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பாகு சேர்த்து அப்பம் சுடும் கூவியர் இடம்பெறுகின்றனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு அண்மையான மரபு அது. ஆனால், அக்கூவியர் தெருமுனைதோறும் இருபத்து நான்கு மணி நேரமும் கடை திறந்து வைத்திருக்கவில்லை.

நெல் வயலும் பெருஞ்சாலையும்

1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை இயங்கத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரில் பிரான்சு நாட்டுச் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் கண்ணாடி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் மகிழுந்து ஆலை திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரத்தில் மின்னணுப் பொருள் ஆலைகள் வந்தன. இவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான ஆலைகள் முளைத்தன. அவற்றுள் ஒன்றில் நான் தர ஆய்வாளனாகச் சேர்ந்தேன்.

எங்கள் ஒன்றரை ஏக்கர் நிலமும் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. கிடைத்த பணத்தில் வீடு கட்டினோம். தங்கையின் திருமணம் நடந்தது. நான் பட்டயப் படிப்பை முடித்தேன். நிலம் போனதால் நாங்கள் கெட்டுப்போனோம் என்று சொல்வது உண்மையாகாது. ஆனால், அப்பாவின் கால்களுக்குச் செல்லும் இடம் இல்லாமல் போயிற்று. திண்ணையில் அமர்ந்து, நெடுஞ்சாலையில் செல்லும் ஆலைப் பேருந்துகளை எண்ணிக்கொண்டிருப்பார். உழைப்பு நின்றது, உணவு நிற்கவில்லை. ஐந்தாம் ஆண்டில் அவருக்கு நீரிழிவு நோய் கண்டறியப்பட்டது.

இதற்கிடையே சாலையோரம் எங்கும் அடுமனைகள் தோன்றின. இரவுப்பணி முடிந்து வருவோருக்காக விடியற்காலை நான்கு மணிக்கே அவற்றின் விளக்குகள் எரியும். தேங்காய் பன், வெண்ணெய் பிஸ்கட், முட்டை பப்ஸ், பாலாடை தடவிய கேக்குத் துண்டுகள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே உலோக வளையங்களை அளந்துவிட்டு வெளியே வரும் எனக்கு, அந்தக் கண்ணாடிப் பெட்டியின் வெளிச்சம் ஏதோ ஒரு பரிசுபோலத் தோன்றும். நாள்காட்டி இல்லாத இனிப்பு எங்கள் வாழ்வில் இப்படித்தான் நுழைந்தது.

பிறையும் நிலவும்

எங்கள் ஆலையில் அயல்நாட்டார் இருவர் பணியாற்றினர். ஒருவர் பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த முதிய பொறியாளர். மற்றவர் சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலிருந்து, இயந்திரங்களை நிறுவிப் பழக்குவதற்காக ஈராண்டு ஒப்பந்தத்தில் வந்திருந்த இளம்பெண்.

பிரெஞ்சுப் பொறியாளர் விடுமுறை நாளில் புதுச்சேரிக்குச் செல்வார். திரும்பும்போது ஓர் அட்டைப் பெட்டி நிறையக் குருவாசான் வாங்கி வருவார். குருவாசான் என்ற சொல்லுக்கு வளர்பிறை என்பது பொருள். அதன் வடிவமும் அதுவே. எங்கள் சோமாசுக்கு உறவு என்று சொல்லலாம். அதன் முன்னோடி பிரான்சுக்குரியதே அன்று; ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் உண்ணப்பட்ட பிறைவடிவ ரொட்டி அது. 1830களின் இறுதியில் ஆகஸ்டு சாங் என்னும் ஆஸ்திரியர் பாரிசு நகரில் திறந்த அடுமனை வழியாக அங்குப் பரவியது. பின்னர்ப் பிரெஞ்சு அடுமனைஞர்கள் அதை அடுக்கடுக்கான பண்டமாக மாற்றினர்.

அது செய்யப்படும் முறையை அவர் எனக்கு வரைந்தே காட்டினார். புளித்த மாவை விரித்து, நடுவில் குளிர்ந்த வெண்ணெயைத் தகடுபோல் வைத்து மூடுவர். அதைத் தேய்த்து மூன்றாக மடிப்பர். குளிரவைத்து மீண்டும் தேய்த்து மூன்றாக மடிப்பர். மூன்றாம் முறையும் அவ்வாறே. மூன்றை மும்முறை பெருக்கினால் வெண்ணெய் இருபத்தேழு அடுக்காகும். அடுப்பின் வெப்பத்தில் வெண்ணெயிலும் மாவிலும் உள்ள நீர் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் மேலே தூக்கும். பரோட்டா மாவை வீசி மடிக்கும் நம் ஊர்க் கலைஞர் அறிந்த அடுக்கு இரகசியமே இது.

அவர் உண்ணும் முறை எனக்கு வியப்பளித்தது. மாலை நான்கு மணிக்கு ஒரு தட்டை எடுத்து, நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரே ஒரு குருவாசானைப் பதினைந்து நிமிடம் உண்பார். அதே நேரத்தில் நான் நின்றுகொண்டே மூன்றை முடித்திருப்பேன். "உங்களுக்கு இது பிடிக்கவில்லையா?" என்று ஒருநாள் அவர் கேட்டார். நன்றாகப் பிடித்தது என்றேன். "நீங்கள் இன்னும் சுவைக்கவே இல்லை, விழுங்கத்தான் செய்தீர்கள்" என்றார். எனக்குச் சிறிது சினம் வந்தது. அவர் சொன்னது மெய் என்பதால் கூடுதலாகவே வந்தது.

சீனப் பொறியாளர் கொடுத்த பண்டம் மூன்கேக். சீன நாள்காட்டியின் எட்டாம் திங்கள் முழுநிலவன்று கொண்டாடப்படும் இலையுதிர்கால விழாவுக்குரியது. மர அச்சில் அழுத்தி, மேற்புறம் எழுத்தோ பூவோ பொறித்திருப்பர். உள்ளே தாமரை விதைப் பூரணமோ சிவப்புப் பயற்றுப் பூரணமோ இருக்கும். சிலவற்றில் உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சட்கரு முழுநிலவுபோல நடுவில் வீற்றிருக்கும். பருப்பும் வெல்லமும் சேர்ந்த எங்கள் சுழியத்தின் பூரணத்தை அது எனக்கு நினைவூட்டியது.

முதலாண்டு எனக்கு அவர் ஒரு முழு மூன்கேக் தந்தார். உள்ளங்கையில் அடங்கும் சிறிய பண்டம்தானே என்று, தேநீர் இடைவேளையில் முழுவதையும் தின்றுவிட்டேன். சற்று நேரத்தில் நெஞ்சை அடைத்தது. அவர் திகைத்துப்போய்ப் பின்னர் வாய்விட்டுச் சிரித்தார். அது ஒருவர் உண்பதற்கன்று. குடும்பத்தார் கூடி, நான்காகவோ எட்டாகவோ அறுத்து, சர்க்கரை சேர்க்காத தேநீரோடு ஆளுக்கொரு துண்டு உண்பதற்குரியது. "நிலவைப் பார்த்துக்கொண்டே உண்ண வேண்டும். அவசரப்பட்டால் நிலவு எப்படித் தெரியும்?" என்றார்.

இவ்விரு நாட்டுப் பண்டங்களுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. கருப்பஞ்சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது. தாங் மரபுப் பேரரசர் தைசோங், 647ஆம் ஆண்டில் மகத நாட்டுக்குத் தூதர்களை அனுப்பி அக்கலையைக் கற்றுவரச் செய்தார் எனச் சீன வரலாற்றேடுகள் குறிப்பிடுகின்றன. பின்னாளில் வெண்மையான சர்க்கரைக்கு நாம் 'சீனி' என்று பெயரிட்டோம். அது சீன நாட்டின் பெயரை ஒட்டியது என்பர். சர்க்கரை என்ற சொல்லின் வடமொழி மூலமே அரபு வழியாகப் பிரெஞ்சு மொழியில் 'சுக்ர்' என வழங்குகிறது. எங்கிருந்தோ வந்த இனிப்பு என்று எதையும் எளிதில் சொல்லிவிட இயலாது.

சட்டைப்பையில் இருந்த காகிதம்

அப்பாவுக்கு நோய் கண்டறியப்பட்டதும் நான் வீட்டில் ஒரு சட்டம் இயற்றினேன். இனிப்பு என்ற சொல்லே கூடாது. பண்டிகை நாளிலும் அவருக்கு மட்டும் தனித்தட்டு. பேரக்குழந்தை நீட்டிய மிட்டாயைக்கூட அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அவருடைய நன்மைக்காகத்தான் செய்கிறேன் என்று உறுதியாக நம்பினேன். ஆயினும் அவருடைய குருதியில் சர்க்கரை குறையவில்லை, கூடிக்கொண்டே சென்றது.

ஓர் ஆடி மாதத்து மாலையில், துவைப்பதற்காக எடுத்த அவருடைய சட்டைப்பையில் எண்ணெய் படிந்த காகிதம் ஒன்றை அம்மா கண்டார். அடுமனைக் காகிதம். அதன் மடிப்பில் தேங்காய் பன்னின் துகள்கள் ஒட்டியிருந்தன. நாள்தோறும் மாலையில் உலாவப் போவதாகச் சொல்லிவிட்டு, சாலையோரக் கடையின் பின்புறம் நின்று அவர் தின்று வந்திருக்கிறார். பிள்ளைகள் சூழ்ந்திருக்க, நான் அந்தக் காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, திருடனைக் கேட்பதுபோல் கேட்டேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்த் தரையைப் பார்த்தபடி, "நெலத்தக் கேட்டாங்க, குடுத்துட்டேன். வேலையும் போச்சு. இப்ப நாக்குக்கும் பூட்டுப் போடுறியேப்பா" என்றார்.

அன்றிரவு நான் பணிக்குச் சென்றேன். அளவுகோலில் எண்கள் தெளிவாகவே தெரிந்தன. மனம்தான் அவற்றில் நிற்கவில்லை.

ஒளித்து வைத்த அறிக்கை

அடுத்த மாதம் ஆலையில் ஆண்டு மருத்துவப் பரிசோதனை நடந்தது. கடந்த மூன்று மாதங்களில் குருதியில் இருந்த சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஆய்வும் அதில் ஒன்று. அதன் அளவு 5.7 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது இயல்பு, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5ஐ எட்டினால் நீரிழிவு. எனக்கு 6.1. அகவை முப்பத்து நான்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அறிக்கையை நான்காக மடித்துப் பணப்பையின் உள்ளறையில் ஒளித்து வைத்தேன். பத்து நாள் எவரிடமும் சொல்லவில்லை. பதினோராம் நாள் பேருந்தில் அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: அப்பாவின் சட்டைப்பையில் இருந்ததும் என் பணப்பையில் இருந்ததும் ஒரே காகிதமே. அச்சத்தால் ஒளிக்கப்பட்ட காகிதம்.

மறுநாள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் எங்கள் கதையைப் பொறுமையாகக் கேட்டார். என்னைப் பார்த்து, "ஒன்றுமே கூடாது என்று சொன்னால் நோயாளி பொய் சொல்லத் தொடங்குவார். அளவைச் சொன்னால் உண்மை சொல்வார். எனக்கு உண்மைதான் வேண்டும்" என்றார். பின்னர் ஒரு தாளை என்னிடம் தந்து, நான் ஒருநாள் உண்ணும் சர்க்கரையைக் கணக்கிடச் சொன்னார்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். அதனையும் 25 கிராமுக்குக் குறைத்தால் மேலும் நன்று. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். நான் முறைப்பணியில் ஐந்து கோப்பைத் தேநீர் குடிப்பவன். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி. அதுவே 40 கிராம். காலை பன், நள்ளிரவு பிஸ்கட், இடையில் குளிர்பானம் ஆகியவற்றைச் சேர்த்தபோது கணக்கு எழுபதைத் தாண்டியது.

நான் குற்றவாளியாகக் கருதியிருந்தது எப்போதேனும் கிடைத்த குருவாசானையும் ஆண்டுக்கொருமுறை வரும் மூன்கேக்கையும். கணக்கில் அவற்றுக்கு இடமே இல்லை. எந்த நினைவும் விட்டுச்செல்லாத தேநீரும் பன்னுமே எழுபது கிராமையும் எடுத்துக்கொண்டிருந்தன. சுவைத்து உண்டவை என்னைக் கெடுக்கவில்லை. சுவைக்காமல் விழுங்கியவையே கெடுத்தன.

தெரிந்து தெளிவோம்

வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 பாகை வெப்பத்தில் உருகிவிடும். ஆகவே வெப்ப நாட்டில் அடுக்குப் பண்டங்கள் செய்வோர், எளிதில் உருகாததும் விலை குறைந்ததுமான வனஸ்பதி, மார்கரின் போன்ற கொழுப்புகளைப் பயன்படுத்துவதுண்டு. எண்ணெயை ஓரளவு ஹைட்ரஜனேற்றம் செய்யும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. இது இதயத்துக்குத் தீங்கானது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இதன் அளவு 2 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது என்ற வரம்பை 2022 சனவரி முதல் நடைமுறைப்படுத்தியது.

எட்டுத் துண்டுகள்

மருத்துவர் சொன்னவை எளியவை. தேநீரில் சர்க்கரையை முதலில் பாதியாக்கி, பின்னர் விட்டுவிட வேண்டும். அப்பா மாத்திரையைத் தவறாமல் உண்ண வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் மெய்யாகவே நடக்க வேண்டும். இனிப்புக்கு ஆசை வந்தால் வீட்டாரிடம் சொல்லி, குருதியின் அளவு கட்டுக்குள் உள்ள நாளில், உணவின் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, சிறு துண்டு உண்ணலாம். ஒவ்வொருவர் உடலும் வேறு என்பதால், இந்த அளவை அவரவர் மருத்துவரே வகுக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்து, அதில் பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசுகிறார். முன்பு உண்டது செரித்ததை உணர்ந்து, தமக்குரிய அளவில் உண்பவரின் உடலை நோய் நெருங்காது என்பது அவர் கருத்து. எதையும் உண்ணாதே என்று அவர் கூறவில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற அதிகாரம்தான். அதன் பொருள் எனக்கு விளங்க இருபது ஆண்டுகளாயின.

அவ்வாண்டு சீனர்களின் முழுநிலவு விழா ஆவணி மாத இறுதியில் வந்தது. ஒப்பந்தம் முடிந்து நாடு திரும்பவிருந்த அந்தப் பொறியாளர், சிவப்புப் பூப்போட்ட தகரப் பெட்டியில் ஒரு மூன்கேக் வைத்து என்னிடம் தந்தார். "இம்முறை தனியாக உண்ணமாட்டீர்கள் அல்லவா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அன்றிரவு எனக்குப் பணி இல்லை. அப்பா, அம்மா, மனைவி, இரு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த தங்கை, அவள் கணவர், நான் என எட்டுப் பேர் திண்ணையில் அமர்ந்தோம். அம்மா அரிவாள்மணையில் அதை எட்டாக அறுத்தார். ஆலைகளின் விளக்கொளி அடிவானத்தை மஞ்சளாக்கியிருந்தது. ஆயினும் நிலவு அதற்கு மேலே தெளிவாகவே நின்றது. அப்பாவின் துண்டை அம்மா கொடுக்கும்போது, அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த தயக்கத்தை நான்தான் அவருக்குக் கற்பித்திருந்தேன். "சாப்பிடுங்கப்பா" என்றேன்.

அவர் அதை நுனியில் கடித்து, கண்ணை மூடி நெடுநேரம் மென்றார். "உங்க பாட்டி சுடுற சுழியம் மாதிரியே இருக்குடா" என்றார். பின்னர், தாம் சிறுவனாக இருந்தபோது நெல் அறுவடை முடிந்த நாளில் களத்துமேட்டில் வைத்துச் சுழியம் பங்கிட்ட கதையைச் சொன்னார். நான் அதற்கு முன் கேட்டிராத கதை. இன்னொரு துண்டு வேண்டுமா என்று பேத்தி கேட்டாள். "போதும் கண்ணு" என்றார். அவர் வாயிலிருந்து 'போதும்' என்ற சொல்லை நான் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூன்று மாதங்களுக்குப் பின் எடுத்த ஆய்வில், 9.2 ஆக இருந்த அவருடைய அளவு 8.1 ஆகக் குறைந்திருந்தது. மாத்திரைக்கும் நடைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. நோய் நீங்கிவிடவில்லை, இன்னும் குறைக்க வேண்டும் என்றார் மருத்துவர். என் அளவு 5.8க்கு வந்தது. இப்போதும் சில நாள்களில் அப்பா சாலையோரக் கடையில் பன் வாங்குகிறார். ஆனால், வீட்டுக்குக் கொண்டுவந்து, பேத்திக்குப் பாதி கொடுத்துவிட்டு, "இன்னிக்கு ராத்திரிக்கு ஒரு இட்லி குறைச்சிடு" என்று அம்மாவிடம் சொல்கிறார்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. அவற்றுள் எங்கள் வீட்டுக் கணக்கு இரண்டு. நாள்காட்டியும் வறுமையும் காத்த அளவை இனி நாமே காக்க வேண்டியிருக்கிறது. அதைச் சட்டமாக்கினால் வீட்டில் ஒளிவிடங்கள் பெருகும். பங்காக்கினால் உறவு பெருகும்.

பிரெஞ்சுப் பொறியாளரும் ஓய்வுபெற்று ஊர் திரும்பிவிட்டார். நான் இப்போது மாதம் ஒருமுறை ஒரு குருவாசான் வாங்குகிறேன். தட்டில் வைத்து, அமர்ந்து, அடுக்குகளைப் பிரித்து உண்கிறேன். சீனப் பொறியாளர் தந்த தகரப் பெட்டி வீட்டில்தான் இருக்கிறது. அப்பா அதில் தம் மாத்திரைகளை வைத்திருக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் குறிப்பிட்ட நாளுக்கென்றே செய்யப்பட்ட பண்டம் ஒன்றின் செய்முறையை முதியோரிடம் கேட்டு எழுதுக. அது இன்று எப்போதெல்லாம் உண்ணப்படுகிறது என்பதையும் குறிப்பிடுக.
2. ஒருநாளில் நீங்கள் உண்ணும் சர்க்கரையின் அளவைத் தேக்கரண்டிக் கணக்கில் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.
3. 'தடை, அளவு – இவற்றுள் உடல்நலம் காப்பது எது?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.